வீட்டில் இருப்பவர்கள்

மார்ச் 3

அன்புள்ள தூங்குமூஞ்சிக்கு,

ஊசி போட்ட டாக்டருக்கும் கொரோனா வருகிறது, போடாத டாக்டருக்கும் வருகிறது, அப்புறம் நான் எதற்காக அதைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியவில்லை.

வேறு யாராவது கேட்டிருந்தால் சுற்றறிக்கையில் இருக்கும் இரண்டு வாக்கியங்களைச் சொல்லி அனுப்பியிருப்பேன். நீ கேட்டதால் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வட்டாரத்து மருத்துவமனைகளில் எத்தனை டாக்டர்களுக்குத் தொற்று வந்தது, அவர்களில் ஊசி போட்டவர் யார், போடாதவர் யார் என்று எண்ணும் வேலையை எங்கள் மெடிக்கல் காலேஜில் என் துறையிடம் கொடுத்திருக்கிறார்கள். துறை என்றால் நான்தான். முதல் பார்வைக்கு இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றாகத்தான் இருக்கிறது. போன வாரம் கமிட்டியில் தலைவர் கேட்டார்:

"அப்போ ஊசி வேலை செய்யலையாம்மா?"

"தெரியல சார்."

"எப்போ தெரியும்?"

"அதுவும் தெரியல சார்."

"உங்களைக் கூப்பிட்டா மீட்டிங் சீக்கிரம் முடிஞ்சுடுது, அது ஒண்ணு நல்லது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்துவைத்தேன்.

நான் போட்டுக்கொண்டுவிட்டேன். இரண்டு ஊசியும் ஆயிற்று. தெரியாமலேயே செய்ய வேண்டிய காரியங்கள் சில இருக்கின்றன, இது அதில் ஒன்று என்று எனக்குத் தோன்றியது. ஆனால் எனக்குத் தோன்றுவதை உனக்கு மருந்துச்சீட்டாக எழுதித் தர முடியாது.

ஃபோனில் கேட்டிருக்கலாமே என்று நினைத்தேன். பிறகு நீ ஃபோனில் யாரையும் பேசவிட மாட்டாய் என்பது நினைவுக்கு வந்தது. உங்கள் மருத்துவமனையிலிருந்து எங்கள் லேபுக்கு சாம்பிள் வண்டி வந்துபோகிறவரை நமக்குத் தபால்காரரும் தேவையில்லை. ஐஸ் பெட்டியின் மேல் ரப்பர் பேண்டில் செருகி அனுப்பு. உன் வீட்டுக்கார மாஸ்டர் எப்படி இருக்கிறார்? பள்ளிக்கூடம் மூடியிருக்கும்போது டிராயிங் வகுப்பை எப்படி நடத்துகிறார்?

அன்புடன்,
ராங்கி


மார்ச் 9

அடி ராங்கி,

முப்பது வருஷமாக உன்னிடமிருந்து ஒரு நேரான பதில் வாங்க முயன்றுகொண்டிருக்கிறேன். இந்தத் தடவையும் கிடைக்கவில்லை. உன் கடிதத்தை டிரைவர் கொண்டுவந்து நீட்டும்போது, "என்ன மேடம், லவ் லெட்டரா?" என்றார். "ஆமாம்பா, காலேஜ்லேருந்து நடக்குது" என்றேன். இனி என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார். பிரிப்பதற்கு முன்னால் ஜன்னலோரம் வெயிலில் காயப்போட்டேன். உனக்கு ஜுரம் இல்லையென்றாலும் உன் எழுத்து எப்போதும் கொஞ்சம் ஈரமாக இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன்னிடம் பாதிதான் கேட்டேன். நான் ஊசிக்குப் பயப்படுகிறவள் இல்லை. நேற்று ஆபரேஷன் தியேட்டரில் நான் மயக்க ஊசி எடுத்துக்கொண்டிருந்தபோது சர்ஜன் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "என்ன மேடம், ஊரெல்லாம் குத்தறீங்க, உங்களைக் குத்த வந்தா மட்டும் ஓடறீங்க?" நான் சொன்னேன், "குத்தறவளுக்குத்தான் டாக்டர் ஊசியோட கூர் தெரியும்." நர்ஸ்கள் சிரித்தார்கள். உண்மைக் காரணத்தை அங்கே சொல்ல முடியாது.

எங்கள் சூப்பரிண்டெண்ட் ஒரு விதி போட்டிருக்கிறார். ஊசி முடித்த டாக்டர்கள் காய்ச்சல் வார்டுக்கு. போடாதவர்கள் அவரவர் பழைய வேலைக்கு. நியாயமான விதிதான், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு அந்த ஊசி என்பது காய்ச்சல் வார்டுக்கு டிக்கெட். அங்கே போனால் வீட்டுக்கு எதைக் கொண்டுவருவேன்?

மாஸ்டரிடம் என் கிட்னி ஒன்று வாடகைக்கு இருப்பது உனக்குத் தெரியும். வாடகை, தினமும் காலையில் ஒரு காபி. இதுவரை பாக்கி வைத்ததில்லை. அந்தக் கிட்னியை அவர் உடம்பு வெளியே தள்ளாமல் இருக்க, வாழ்நாள் முழுக்க மருந்து. நம் பாஷையில் சொன்னால், உடம்பின் காவல் நாய்க்கு தினமும் மயக்க மருந்து. திருடன் வந்தால் நாய் குரைக்காது. அவருக்கு ஊசி போட்டாலும் அந்தத் தூங்கும் நாய்க்குத்தானே போடுகிறோம், எவ்வளவு விழிக்குமோ.

அதனால் கேள்வியைத் திருத்திக் கேட்கிறேன். ஊசி போட்டுக்கொண்டு வார்டில் நிற்பது நல்லதா, போடாமல் தியேட்டரில் நிற்பது நல்லதா? 'தெரியாது' என்று எழுதினால் கடிதத்தைத் திருப்பி அனுப்புவேன்.

மாஸ்டர் நன்றாக இருக்கிறார். பிள்ளைகளை ஃபோனில் கூப்பிட்டு, அவரவர் இடது கையைப் பார்த்து வரையச் சொல்கிறார். ஒரு பையன் ஆறு விரல் போட்டிருக்கிறான். "எண்ணிப் பாருடா" என்றாராம். "எண்ணித்தான் சார் போட்டேன்" என்றானாம். உன்னிடம் அனுப்ப வேண்டிய பையன்.

உன்,
தூங்குமூஞ்சி


மார்ச் 27

அன்புள்ள தூங்குமூஞ்சிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நான் பார்க்காமல் விட்ட ஒன்றை நீ போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். உங்கள் சூப்பரிண்டெண்டின் விதி. விசாரித்தேன். எல்லா மருத்துவமனைகளிலும் அதே விதி, வேறு வேறு வார்த்தைகளில்.

அப்படியென்றால் நாங்கள் எண்ணிய லட்சணத்தைப் பார். கொட்டும் மழையில் குடையோடு நின்றவர்களை ஒரு பக்கம் நிறுத்தினோம். குடையில்லாமல் கூரைக்குக் கீழே இருந்தவர்களை மறுபக்கம் நிறுத்தினோம். இரண்டு பேர் தலையும் நனைந்திருக்கிறதே, குடையால் என்ன பயன் என்று கமிட்டியில் உட்கார்ந்து யோசித்தோம். படித்தவர்களால் மட்டுமே செய்ய முடிகிற தவறு இது.

எல்லா இடத்திலிருந்தும் டியூட்டி ரோஸ்டர்களை வரவழைத்தேன். யார் எத்தனை நேரம் காய்ச்சல் வார்டுக்குள் இருந்தார்கள், யார் தியேட்டரில், யார் வெளி நோயாளிப் பிரிவில் என்று பிரித்து மறுபடி எண்ணினேன். ஒரே அளவு நேரம் நோயின் பக்கத்தில் நின்றவர்களை மட்டும் ஒப்பிட்டால் ஊசி போட்டவர்களுக்குத் தொற்று நிச்சயமாகக் குறைவு. தொற்று வந்தவர்களிலும் ஊசி போட்டவர் ஒருவருக்குக்கூட ஆக்சிஜன் தேவைப்படவில்லை. போடாதவர்களில் பலருக்குத் தேவைப்பட்டது. சிலர் இன்று உயிரோடு இல்லை.

இல்லாதவர்களில் ஒருவர் உன் தொழில். காய்ச்சல் வார்டுக்கே போகாதவர். அவசர ஆபரேஷனுக்கு வந்த நோயாளிக்குப் பரிசோதனை முடிவு வருவதற்குள் தொண்டையில் மூச்சுக் குழாய் போட வேண்டியிருந்திருக்கிறது. நோயாளியின் வாய்க்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிற வேலை உன்னுடையது. தியேட்டர் கூரை ஒழுகுகிற கூரை. அதற்குக் கீழே குடையில்லாமல் நிற்காதே.

ஒரு எச்சரிக்கை. ஊசி போட்ட டாக்டர்களுக்குப் பல இடங்களில் பரிசோதனை செய்வதையே குறைத்துவிட்டார்கள். தேடாத இடத்தில் எதுவும் கிடைக்காது. ஆகவே லேசான தொற்றுகள் என் கணக்குக்கு வராமல் போயிருக்கலாம். ஆனால் மூச்சுத் திணறியவர் யாரும் ஒளிந்திருக்க முடியாது. அந்த அளவுக்கு இந்த எண்களை நம்பலாம்.

நீ நேரான பதில் கேட்டாய். போட்டுக்கொள்.

அன்புடன்,
ராங்கி


ஏப்ரல் 5

அடி ராங்கி,

போட்டுக்கொண்டேன். சாட்சிக்கு சர்ஜனே வந்து நின்றார். "வலிக்குதா மேடம்?" "உங்க பேச்சைவிடக் கம்மி டாக்டர்." ஊசி போட்ட பெண் சிரித்ததில் கை ஆடியது, அதனால் கொஞ்சம் வலித்தது என்பதை அவரிடம் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் குளிர், உடம்பு வலி. மறுநாள் ஒன்றுமில்லை.

மாஸ்டரையும் அழைத்துப்போய்ப் போட்டுவிட்டேன். அவருடைய கிட்னி டாக்டர், "போடுங்க, எவ்வளவு பிடிக்குதோ பிடிக்கட்டும்" என்றார். நம் தொழிலில் 'பார்க்கலாம்' என்பதற்கு எத்தனை விதமான வாக்கியங்கள் வைத்திருக்கிறோம்!

உன் கடிதத்தை மாஸ்டருக்குப் படித்துக் காட்டினேன். குடை உதாரணம் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு படம் வரைந்திருக்கிறார், இதோடு வைத்திருக்கிறேன். மழையில் குடையோடு நிற்கும் குள்ளம் நான். பக்கத்தில் ரோஸ்டரைத் தலையில் பிடித்துக்கொண்டு, நனைந்தபடி மழைத்துளிகளை எண்ணிக்கொண்டிருப்பது நீ. மூக்கு கொஞ்சம் பெரிசாகிவிட்டது, மன்னிக்கச் சொன்னார்.

நீ என்னைப் பற்றி எழுதியிருக்கிறாய். மாஸ்டரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. நீ எதையும் விட்டுவிடுகிறவள் இல்லையே. எழுதாமல் விட்டது நல்லதுக்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த ஊசி முடிந்து கொஞ்ச நாளில் என்னைக் காய்ச்சல் வார்டுக்கு மாற்றிவிடுவார்கள்.

உன்,
தூங்குமூஞ்சி

(இதில் ஒரு வரி நானும் எழுதிக்கொள்கிறேன். வணக்கம் ராங்கி அம்மா. உங்கள் தோழி இப்போதெல்லாம் வீட்டில் என்னைத் தூங்க வைப்பதில்லை, ஆஸ்பத்திரிக் கதை சொல்லி எழுப்பியே வைக்கிறாள். நீங்கள் வந்தால் இரண்டு பேருமாகச் சேர்ந்து அவளைப் பேசவிடாமல் செய்யலாம். — மாஸ்டர்)


மே 14

அன்புள்ள தூங்குமூஞ்சிக்கு,

படத்தை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். மூக்கு சரியாகத்தான் இருக்கிறது என்று அவரிடம் சொல்.

ஊசியையும் வார்டையும் முடிச்சுப் போடாதீர்கள், வீட்டில் நோயாளி இருப்பவர்களைத் தனியாகக் கணக்கில் எடுங்கள் என்று உங்கள் சூப்பரிண்டெண்டுக்கு எழுதினேன். ஃபோனில் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், ஊசி போட்டவங்களை அனுப்பாம, போடாதவங்களையா உள்ள அனுப்பச் சொல்றீங்க? வீட்ல யாருக்காவது ஏதாவது இல்லாத டாக்டரை நீங்களே ஒருத்தரைக் காட்டுங்க, அவரை மட்டும் அனுப்பறேன்." ஒருத்தி இருக்கிறாள், அது நான்தான். நான் நோயாளியைத் தொட்டுப் பல வருஷம் ஆகிறது.

ஆகவே நீ போகத்தான் வேண்டும். வீட்டில் தனி அறையில் இரு. சாப்பாடு தனி. மாஸ்டருக்கு ஊசி எவ்வளவு பிடித்திருக்கும் என்பதற்கு என்னிடம் எண்கள் இல்லை. அவர் சாப்பிடும் மருந்தை நினைத்தால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். இதை நான் முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும்.

கமிட்டிக்கு என் கணக்கு பிடித்துவிட்டது. குடை உதாரணத்தைத் தலைவர் தன்னுடையதாகவே எல்லா இடத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
ராங்கி


மே 29

அடி ராங்கி,

எழுத நேரமில்லை, ஆனாலும் எழுதுகிறேன். இங்கே பேசுவதற்கு ஆள் இல்லை. கவச உடைக்குள் இருந்து பேசினால் கத்த வேண்டும், கத்தினால் கண்ணாடி ஆவி பிடித்துவிடும். ஆகவே எல்லோரும் கை ஜாடைதான். சர்ஜனும் இப்போது இங்கேதான். ஆபரேஷன்கள் குறைந்துவிட்டதால் அவரை நோயாளிகளைக் குப்புறப் புரட்டிப் படுக்கவைக்கும் குழுவில் போட்டிருக்கிறார்கள். "வெட்டறவனைப் புரட்ட விட்டுட்டாங்க மேடம்" என்கிறார். முன்னைப் போல யாரும் சிரிப்பதில்லை. அவரும் சிரிப்பை எதிர்பார்த்துச் சொல்வதில்லை.

குழாய் போடுவதற்கு முன்னால் நோயாளியிடம் நான் வழக்கமாக, "கொஞ்ச நேரம் தூங்குங்க, எழுப்பிடறேன்" என்று சொல்வேன். இப்போது அதைச் சொல்வதை நிறுத்திவிட்டேன். "தூங்குங்க" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வீட்டில் நீ சொன்னபடிதான் இருந்தோம். முன் அறை எனக்கு, உள் அறை அவருக்கு. நடுவில் சாப்பாட்டு மேசை, அது எல்லை. போன வாரம் ஒரு நாள் டியூட்டி முடிந்து வந்து, குளித்துவிட்டு, முன் அறைத் தரையில் அப்படியே படுத்துவிட்டேன். முழித்துப் பார்த்தால் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். அதற்குப் பக்கத்தில் அவர், சுவரில் சாய்ந்தபடி. "எவ்வளவு நேரமா உக்காந்திருக்கீங்க?" என்றேன். "நீ தூங்கி ரொம்ப நாளாச்சு, பாக்கலாம்னு உக்காந்தேன்" என்றார். போங்க என்று சொல்ல மனசு வரவில்லை. நானும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, அதற்கப்புறம் அந்த மேசை எல்லையாக இல்லை.

எனக்குத் தொண்டையில் ஒரு கரகரப்பு. வார்டில் ஏசி அப்படி. மூக்கில் ஸ்வாப் எடுத்துப் பரிசோதிக்கச் சொன்னேன். "ரெண்டு ஊசி போட்டாச்சு, ஜுரமும் இல்ல, உங்களுக்கு எதுக்கு மேடம்? கிட் கம்மியா இருக்கு" என்றார்கள். உண்மைதான், கம்மியாகத்தான் இருக்கிறது. நான் ஒன்றை எடுத்தால் வாசலில் நிற்கும் ஒருவருக்கு இல்லை.

உன்,
தூங்குமூஞ்சி


மே 31

தூங்குமூஞ்சி,

ஃபோனில் சொன்னதையே எழுதுகிறேன். ஃபோனில் நீ சிரித்துத் தள்ளிவிட்டாய்.

அங்கே எடுக்க மாட்டோம் என்றால் நீயே எடுத்து இதே வண்டியில் அனுப்பு. உன் பெயர் போட வேண்டாம், என் பெயரைப் போடு. நானே லேபில் கொடுத்து வாங்குகிறேன். முடிவு வரும்வரை வீட்டுக்குப் போகாதே. மருத்துவமனையில் எங்கேயாவது படு. மாஸ்டருக்கும் ஆள் அனுப்பி எடு.

கரகரப்பு ஏசியால் வந்ததாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். 'இருக்கலாம்' என்பதை வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காராதே.

ராங்கி


ஜூன் 21

ராங்கி,

எல்லோரும் ஃபோன் செய்கிறார்கள். எடுக்க முடியவில்லை. எழுதிவிட்டால் ஒரு தடவையோடு போகும்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே எடுத்தேன். இரண்டு பேருக்கும் இருந்தது. எனக்கு அந்தக் கரகரப்பு, மூன்று நாள் மூக்கில் வாசனை தெரியவில்லை, அவ்வளவுதான். மாடிப்படி ஏறினால்கூட மூச்சு வாங்கவில்லை. அவருக்கு முதலில் ஒன்றுமில்லை. பிறகு எல்லாம் சேர்ந்து வந்தது.

எனக்கும் தொற்று இருந்ததால் அதே வார்டில் அவர் பக்கத்தில் இருக்கவிட்டார்கள். குழாய் போட வேண்டிய நேரம் வந்தபோது, வேறு யாராவது போடட்டும் மேடம் என்றார்கள். சர்ஜன் என் தோளைப் பிடித்து, "வேணாம்மா" என்றார். முதல் தடவையாக அம்மா என்றார். மாஸ்டரின் தொண்டை எனக்குத் தெரியும், கிட்னி ஆபரேஷனுக்கு முன்னாலேயே பார்த்து வைத்திருக்கிறேன், கொஞ்சம் சிரமமான தொண்டை, நான்தான் போட வேண்டும் என்றேன். போட்டேன். ஒரே தடவையில் போயிற்று. நல்ல வேலை. யாரும் குறை சொல்ல முடியாது.

போடுவதற்கு முன்னால் அவர், "எழுப்பிடறேன்னு சொல்லு" என்றார். சொன்னேன்.

அவரைச் சுடுகாட்டுக்கு அனுப்பிய அன்று என்னைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். எட்டு வருஷம் அவரிடம் வேலை செய்த என்னுடைய கிட்னியும் அவரோடு போயிற்று. கடைசிவரை அது நன்றாகத்தான் இருந்ததாம். அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள்.

நீ கவலைப்படாதே. உன் எண்கள் சரி. ஊசி போட்ட டாக்டர், லேசான தொற்று, ஆக்சிஜன் தேவையில்லை, குணமானார். என்னை அந்தக் கட்டத்தில் போட்டுக்கொள். போட்டுக்கொள்ளாமல் இருந்திருந்தால் தியேட்டரிலேயே செத்திருக்கலாம், அது தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

நான் கேட்டது அவரைப் பற்றி. நீ பதில் சொன்னது என்னைப் பற்றி.

டியூட்டிக்குத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள்.


ஜூலை 12

அன்புள்ள தூங்குமூஞ்சிக்கு,

இதற்கு முன்னால் எழுதியவற்றுக்குப் பதில் வரவில்லை. அவை உன் கையில் சேர்ந்தன என்று டிரைவர் சொன்னார். "வாங்கிக்கிட்டாங்க மேடம். பையில வச்சுக்கிட்டாங்க" என்றார். நீ பிரித்தாயா என்று நான் கேட்கவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது.

ஆறுதல் சொல்ல எனக்கு வராது. ஹாஸ்டலில் யார் வீட்டிலாவது சாவு என்றால் நீ போய்க் கட்டிக்கொள்வாய், நான் அவர்கள் பெட்டியை அடுக்குவேன். ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

தொற்று வந்த ஒவ்வொரு டாக்டரிடமும் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும் என்று கமிட்டியில் சொன்னேன். வீட்டில் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன ஆயிற்று. தலைவர் பொறுமையாகக் கேட்டார். "நல்ல கேள்விதாம்மா. ஆனா அது வேற ஸ்டடி. நம்ம தலைப்பு டாக்டர்கள்" என்றார். அவர் சொன்னது தவறில்லை. தலைப்பு அதுதான். நான்தான் அந்தத் தலைப்பை எழுதினேன். எழுதும்போது வீட்டில் இருப்பவர்களைப் பற்றி எனக்கு நினைவே வரவில்லை. என் வீட்டில் நான் மட்டும்தான். நோய் என்னோடு வீட்டுக்கு வந்தால் அங்கே அதற்கு வேறு வேலை இல்லை. நீ தெளிவாக எழுதிக் கேட்ட பிறகும், என்னிடம் எண்கள் இருந்த கேள்விக்குத்தான் பதில் எழுதினேன். மற்றதைக் கேட்டதாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

இன்றைக்கும் நீ அதே கேள்வியைக் கேட்டால் போட்டுக்கொள் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். அதை எப்படி உன் முகத்தைப் பார்த்துச் சொல்வேன் என்று தெரியவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியாது. நாளைக்கு பஸ் பிடித்து வருகிறேன். நீ பேச வேண்டாம். நான் உன் வீட்டில் பாத்திரம் கழுவிவிட்டு, துணி மடித்து வைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

ஜூலை 13

இந்தக் கடிதத்தை நேற்று ஒட்டவில்லை. இன்று நடந்ததை இதிலேயே சேர்க்கிறேன். நீ அதை வேறு மாதிரி நினைவில் வைத்துக்கொள்ளக்கூடும், அதனால் நான் பார்த்தபடி எழுதுகிறேன்.

உன் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா, "டாக்டரம்மா ஆஸ்பத்திரிலதான் இருப்பாங்க, இப்பல்லாம் வீட்டுக்கே சரியா வரதில்ல" என்றார். மருத்துவமனைக்கு வந்தேன். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஷிப்ட் மாறும் நேரத்தில் நீ வந்தாய். முகக்கவசத்தின் தழும்பு கன்னத்தில் அப்படியே இருந்தது. பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாய். நீதான் முதலில் சொன்னாய்:

"உன் மேல தப்பு இல்லடி."

பெஞ்சில் வைத்திருந்த என் பையை மடிக்கு எடுத்துக்கொண்டேன்.

"அதான் கஷ்டமா இருக்கு. யார் மேலயாவது இருந்தா தேவலை. உன்னைத் திட்டியாவது தீத்திருப்பேன்."

"திட்டு" என்றேன்.

"வரல" என்றாய். கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே, "எழுதாத. பிரிச்சா பதில் எழுதணும். என்கிட்ட எழுதறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றாய். சரி என்றேன். இதை எழுதுவதோடு அந்தச் 'சரி'யை மீறிவிட்டேன். இதைப் பெட்டியின் மேல் செருகப்போவதில்லை.

நீ உள்ளே போய் ஒரு பையை எடுத்துவந்தாய். மாஸ்டரின் கிட்னி மருந்துகள், பிரிக்காத அட்டைகள். "உங்க காலேஜ்ல யாருக்காவது ஆகும். தேதி இருக்கு, பாத்துட்டேன்" என்றாய். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். எழுந்து போய்விட்டாய்.

சாயங்காலம் பையோடு நேரே எங்கள் கிட்னிப் பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்த சிஸ்டர் ஒவ்வொரு அட்டையாகத் திருப்பித் தேதி பார்த்தார். இந்த மாதச் சரக்கு இன்னும் வரவில்லை என்றார். ஒருவர் மருந்துக்காகக் காலையிலிருந்து காத்திருந்தார். அவருக்கும் மாற்றுக் கிட்னிதான், தன் தங்கை கொடுத்தது என்றார். சிஸ்டர் இரண்டு அட்டைகளை அவரிடம் கொடுத்தார். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார், "யாருதும்மா இது?"

"ஒரு டாக்டர் வீட்டுது" என்றேன்.

"டாக்டர் வீட்டுதுன்னா நல்லதாத்தான் இருக்கும்" என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.